சுப்பம்மா லீவில் இருக்கிறாள்

கரடிப்பள்ளம் தேயிலை எஸ்டேட் டிவிஷனில் ஒரு வழக்கம் உண்டு. தொழிலாளி யாராவது செத்துப்போனால், மறுநாள் காலைப் பெரட்டில், அதாவது ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற கூட்டத்தில், செத்தவரின் பெயரையும் கூப்பிடுவார்கள். அதே லயத்தில், அந்த வரிசை வீடுகளில், குடியிருக்கிற யாராவது "லீவு" என்று குரல் கொடுக்க வேண்டும். கருமாதி நடக்கிற பதினாறாம் நாள்வரை இப்படியே நடக்கும். பதினேழாம் நாள் கூப்பிட மாட்டார்கள். இந்த ஜனங்கள் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தபோது டிரங்குப் பெட்டியோடு இதையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது கிடையாது. ஆனாலும் எந்தத் துரையும் இதைக் கேள்வி கேட்டதில்லை.

செல்லக்கண்ணுவின் மனைவி சுப்பம்மாவுக்கும் பதினாறு நாள் லீவு சொன்னார்கள். செல்லக்கண்ணு பெரட்டுக் களத்து ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பதினாறு நாளும் கேட்டார். பதினேழாம் நாள் அவள் பெயரைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போனபோதுதான் மனுஷனுக்கு உறைத்தது. அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார்.

அது தேயிலை விழுந்த காலம். இரண்டாயிரத்தொன்றாம் வருஷம். ஒரு கிலோ பச்சைக் கொழுந்தை விற்றால் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் ஒழுங்காக ஒரு டீ குடிக்க முடியாது என்று பேசிக்கொண்டார்கள். எஸ்டேட் நிர்வாகம் சிக்கனம் பிடிக்க ஆரம்பித்தது. துரை பங்களாவின் ரோஜாத் தோட்டத்தில் கை வைக்க முடியுமா? டிஸ்பென்சரியில் கை வைத்தார்கள். கம்பவுண்டரை வீட்டுக்கு அனுப்பினார்கள், ஜீப்பை விற்றார்கள். அதற்கு அடுத்த வாரம், ஆனி மாசத்தில், கொழுந்துக் கூடையோடு ஒன்பதாம் நம்பர் மலையில் நின்ற சுப்பம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். கேரட் ஏற்றிப்போன லாரியை மறித்து, மூட்டைகளுக்கு நடுவில் அவளைப் படுக்க வைத்துக்கொண்டு போனார்கள். போகிற வழியிலேயே போய்விட்டாள்.

"இங்கே வரும்போது உயிர் இல்லை, அதனால் இங்கே எழுத முடியாது" என்று டவுன் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். "இங்கேயிருந்து போகும்போது உயிர் இருந்தது, அதனால் இங்கே எழுத முடியாது" என்று எஸ்டேட் ஆபீஸில் சொன்னார்கள். நடுவில் பதினெட்டு வளைவு இருக்கிறது. எந்த வளைவில் செத்தாள் என்று கேரட் மூட்டையையா கேட்க முடியும்? ஆக, சுப்பம்மா செத்துப்போனதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் போயிற்று.

ஆவணியில் எஸ்டேட்டையே மூடிவிட்டார்கள். மூடின கையோடு மலைத்தோட்ட மறுமலர்ச்சி வாரியம் என்று ஒன்று வந்து இறங்கியது. அதன் இயக்குநர் தினகரன், கழுத்துவரை மூடின கோட்டும் மஃப்ளருமாகப் பெரட்டுக் களத்தில் மைக் பிடித்து நின்றார்.

"சகோதர சகோதரிகளே! தேயிலை விழுந்துவிட்டதே என்று கலங்காதீர்கள். விழுந்தது தேயிலைதான், வாரியம் விழவில்லை. உலகம் மென்பொருள் பக்கம் போய்விட்டது. நாளை முதல் நீங்கள் கொழுந்து பறிக்கப் போவதில்லை. ஜாவா மொழியில், தரவுத்தளத்தோடு இணைந்த செயலிகளை உருவாக்கப் போகிறீர்கள்! இதற்கு வயது தடையில்லை. படிப்பு தடையில்லை. மின்சாரம்கூடத் தடையில்லை. பயிற்சியில் சேருகிறவர்கள் இப்போது இருக்கிற வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். இறுதித் தேர்வில் உங்கள் செயலி வெற்றி பெற்றால், மேலும் ஆறு மாதம் இருக்கலாம்!"

முன்னால் சொன்னது ஒரு எழவும் விளங்கவில்லை. கடைசியில் சொன்ன வீட்டு விஷயம் மட்டும் நன்றாக விளங்கியது. முப்பத்திரண்டு பேர் அன்றைக்கே சேர்ந்தார்கள். செல்லக்கண்ணுவும் சேர்ந்தார். அவருக்கு ஐம்பத்தொரு வயது. மஸ்கெலியாப் பக்கத்து எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது படித்தவர். இங்கே ஃபேக்டரியில் இலை வாட்டும் மாடியில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தார், இருபத்திரண்டு வருஷமும் டெம்பரவரியாக. நிரந்தரத் தொழிலாளி சுப்பம்மாதான். லயத்தின் கடைசி வீடும் அவள் பெயரில்தான் இருந்தது. அந்த வீட்டை விட்டால் போக்கிடம் என்று அவருக்கு ஒன்றும் கிடையாது. ஒரு தடவை கடல் தாண்டி வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தவரை இன்னொரு தடவை போ என்றால் எங்கே போவார்?

பயிற்சி மையத்தை அவர் வேலை பார்த்த அதே வாட்டும் மாடியில் வைத்தார்கள். கொழுந்து பரப்பின தொட்டிகளின் மேல் பலகை போட்டு ஆறு கம்ப்யூட்டர். அதில் நான்கு அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருந்தன, திறந்து வைக்க மேலிடத்திலிருந்து ஆள் வர வேண்டுமாம். மற்ற இரண்டையும் வெள்ளிக்கிழமைதோறும் செருப்பைக் கழற்றிவிட்டு, குத்துவிளக்கு ஏற்றி, இயக்குநர் கையெழுத்துப் போட்ட பிறகு ஒரு மணி நேரம் போடுவார்கள். மிச்ச நாளில் வாரியம் கொடுத்த கிராஃப் தாளில் கம்ப்யூட்டர் திரையைப் பென்சிலால் வரைந்து, அதில் உள்ள பட்டன்களை விரலால் அழுத்திப் பழக வேண்டும். அழுத்தினால் என்ன வரும் என்பதை அடுத்த தாளில் வரைய வேண்டும். சேமிக்கிற பட்டனை அழுத்தி அழுத்தியே பாலாமணியின் தாளில் ஓட்டை விழுந்துவிட்டது. வாரியச் சொத்தைச் சேதப்படுத்தியதாக அவளுக்கு ஒரு மெமோ வந்தது. பாலாமணி பக்கத்து வீட்டுக்காரி. புருஷன் கிடையாது, இரண்டு பெண் பிள்ளைகள், நோயாளி மாமியார்.

சொல்லிக்கொடுக்க வந்த ரவிச்சந்திரன், அன்னூர்ப் பையன். பி.எஸ்ஸி. படித்துவிட்டு ஒரு வருஷ கான்ட்ராக்டில் வந்திருந்தான். நல்ல பையன், பாவம்.

"ஏனுங்க பெரியவரே, இந்த ஐ.டி.இ.ங்கறது ஒண்ணுமில்லீங்க, ஃபேக்டரியாட்டந்தானுங்க" என்றான் முதல் நாள். "வாட்டறது, உருட்டறது, காய வெக்கறது, சலிக்கறது எல்லாம் ஒரே கூரைக்குள்ள இருக்குதுங்கல்ல? அதாட்ட, புரோகிராம் எழுதறது, ஓட்டிப் பாக்கறது, தப்பக் கண்டுபிடிக்கறது, டேட்டாபேஸோட கோக்கறது, எல்லாம் இந்த ஒரே ஜன்னலுக்குள்ளீங்க."

"டேட்டாபேஸுன்னா என்னாங்க சார்?"

"உங்க செக்ரோலுதானுங்க. யாரு, எந்த ஊடு, வேலையில இருக்காங்களா இல்லியான்னு கட்டங் கட்டமா எழுதி வெப்பாங்கல்ல, அது."

"அப்ப ஜாவா?"

"அது உங்க கணக்கப்புள்ளைங்க. செக்ரோல்ல எழுதறது, தேடி எடுத்துக் காட்டறது, அடிக்கறது எல்லாம் அவரு வேலைங்க."

"அட, இவ்வளவுதானா! இதுக்கா தொரை அந்தப் பேச்சுப் பேசுனாரு" என்றார் செல்லக்கண்ணு. அன்றைக்குப் பிடித்துக்கொண்டவர்தான். தேயிலைப் பெட்டிகளின் மேல் அச்சுக் குத்தியிருந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஏழெட்டு இங்கிலீஷ் எழுத்து ஏற்கெனவே அத்துப்படி. மிச்சத்தை ரெண்டு வாரத்தில் தேற்றிக்கொண்டார்.

நடுவில் ஒரு ரகளை. ஜாவாவின் அடையாளமாகத் திரையில் ஆவி பறக்கிற ஒரு காபிக் கோப்பை வந்து நின்றது. தேயிலை ஃபேக்டரிக்குள்ளேயே வந்து காபியைக் காட்டி வெறுப்பேற்றுகிறார்களே என்று பெண்கள் கொதித்தார்கள். இயக்குநர் இதைக் கடுமையாக எடுத்துக்கொண்டார். கோப்பையில் இருப்பது தேநீரே என்று அறிவிக்கக் கோரி மேலிடத்துக்கு எழுதினார். மூன்று வாரம் கோப்பு சுற்றியது. "கோப்பை எங்கள் வரம்புக்குள் வரும், உள்ளே இருக்கும் திரவம் வராது" என்று பதில் வந்தது. கடைசியில் திரையின் அந்த மூலையில் ஒரு தேயிலைப் படத்தை வெட்டி ஒட்டினார்கள். அந்த மூலையில்தான் ஜன்னலை மூடுகிற பட்டன் இருந்தது. அதற்குப் பிறகு திறந்த எந்த ஜன்னலையும் யாராலும் மூட முடியவில்லை.

எல்லாருமாகச் சேர்ந்து செய்ய வேண்டிய செயலிக்கு இயக்குநரே பெயர் வைத்தார். 'தொழிலாளர் மற்றும் குடியிருப்பு நிர்வாகம்.' பழைய செக்ரோல் புத்தகத்தைக் கொடுத்து, இருநூற்றுப் பன்னிரண்டு பெயரையும் உள்ளே ஏற்றச் சொன்னார்கள். விரல் ஓடுகிற ஆள் என்று அந்த வேலை செல்லக்கண்ணு தலையில் விழுந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, பெயராக அடித்துக்கொண்டே வந்தவர் சுப்பம்மாவில் வந்து நின்றார்.

பெயர் அடித்தார். வீட்டு நம்பர் அடித்தார். சார்ந்திருப்போர் என்ற கட்டத்தில் செல்லக்கண்ணு, கணவர் என்று அடித்தார். அடுத்தது, நிலை. அதில் நம் இஷ்டத்துக்கு எழுத முடியாது, இருக்கிறதில் ஒன்றைத்தான் பொறுக்க வேண்டும். பணியில், லீவில், ஓய்வில். அவ்வளவுதான். செத்தவர்களுக்கென்று வாரியம் எதையும் யோசித்து வைக்கவில்லை.

பெரட்டில் பதினாறு நாளும் என்ன பதில் சொன்னார்கள்? செல்லக்கண்ணு 'லீவில்' என்பதைத் தேர்ந்தெடுத்து, சேமித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த பெயருக்குப் போனார். இதைத் தப்பு என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

நாற்பதாம் நாள் கம்ப்யூட்டர் தானாகவே ஒரு மெமோவை அடித்துத் துப்பியது. 'திருமதி சுப்பம்மா அவர்கள் அனுமதியின்றி நீண்ட நாள் விடுப்பில் இருப்பது குறித்து நேரில் விளக்கம் அளிக்கவும்.' செல்லக்கண்ணு அதை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்கு ஓடினார்.

"எங்க அவங்க?"

"செத்துட்டாங்க தொரை. ஆனி மாசம்."

இயக்குநர் தாளைப் பார்த்தார். "ஆனியில செத்தவங்க ஐப்பசியில லீவு எப்படிப் போட்டாங்க?"

"நாந்தாங்க போட்டேன்."

"அப்ப லீவுங்கறதை ஒத்துக்கறீங்க. இறப்புச் சான்றிதழ் இருக்கா?"

"அதத்தான் ஒருத்தரும் குடுக்க மாட்டேன்னுட்டாங்களே தொரை."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "பாருங்க செல்லக்கண்ணு, நானும் மனுஷன்தான். என் சொந்தக் கருத்தைக் கேட்டா, அவங்க இறந்திருக்கலாம்னுதான் எனக்கும் படுது. ஆனா இயக்குநரா என்னால அப்படி நினைக்க முடியாது. சான்றிதழ் இல்லாம இறக்கறதுக்கு வாரியத்துல இடமில்லை. ஒரு வழி இருக்கு. வீட்டுக்குரியவங்க பயிற்சியில சேர்ந்துட்டா லீவை முறைப்படுத்திடலாம். சேர்த்துடறேன், கையெழுத்துப் போடுங்க."

மெமோ என்றாலே பயந்து சாகிற சாதுவான மனுஷன், போட்டுவிட்டார். இரண்டு நாளில் சுப்பம்மாவுக்கு ஒரு ரெக்கார்டு நோட்டும், ஜியாமெட்ரி பாக்ஸும், கழுத்தில் மாட்டுகிற அடையாள அட்டையும் வந்து சேர்ந்தன. சுப்பம்மாவின் போட்டோ என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். கல்யாணமான புதிதில் சிலோனில் பாஸ்போர்ட்டுக்காக எடுத்தது. பதினேழு வயது, இரட்டைப் பின்னல், ஃபிளாஷுக்குப் பயந்த கண். அட்டையில் அந்த முகத்துக்குக் கீழே 'வயது 44, மென்பொருள் பயிற்சியாளர்' என்று அடித்திருந்தது. செல்லக்கண்ணு அதை வீட்டுக்குக் கொண்டுபோய், அவள் கொழுந்துக்கூடை மாட்டியிருந்த ஆணியில் மாட்டினார்.

மறுநாள் காலை வருகைப் பதிவெடுத்த ரவிச்சந்திரன், தாளில் இருந்ததைக் குனிந்தபடியே படித்தான். "சுப்பம்மா."

மாடியில் எல்லாரும் செல்லக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் பாலாமணி சொன்னாள், "லீவு சார்."

அதிலிருந்து தினமும் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். தினமும் லயத்துக்காரர்கள் லீவு சொன்னார்கள். முதலில் ஒருத்தர் சொன்னது, போகப் போக முப்பது குரலாயிற்று. செல்லக்கண்ணு விடிந்ததும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்து உட்கார ஆரம்பித்தார். எதற்கு என்கிறீர்கள்? ஜாவாவுக்கா? அந்த ஒரு கூப்பிடலுக்குத்தான். பதினேழாம் நாள் நின்றுபோனது திரும்ப வந்துவிட்டதே!

ரெக்கார்டு நோட்டு வாரியத்தின் உயிர்நாடி. கம்ப்யூட்டர் ஓடாவிட்டால் பரவாயில்லை, நோட்டு ஓட வேண்டும். வலப்பக்கம் புரோகிராமை நீல மையில் எழுத வேண்டும், இடப்பக்கம் திரையைப் பென்சிலில் வரைய வேண்டும், ஓரத்தில் இரண்டு விரற்கடை இடம் விட வேண்டும். செல்லக்கண்ணு இரண்டு நோட்டு எழுதினார். தன்னுடையதை அவசரமாக எழுதிவிட்டு, சுப்பம்மாவுடையதை நிறுத்தி நிதானமாக எழுதினார். அவள் கோலம் போடுகிற கைக்காரி. அதனால் அவள் நோட்டில் பட்டன்களின் மூலையை லேசாக வளைத்தார். "இந்தாப் பாரு, இது இணைப்பைத் தொறக்கறது. இது கேக்கறது. இது மூடறது. மூடாம வந்துட்டா தொரை திட்டுவாரு" என்று சொல்லிக்கொண்டே எழுதுவார். சுப்பம்மாவின் நோட்டில் இயக்குநர் சிவப்பு மையில் 'மிக நன்று. கணவர் இவரைப் பார்த்துத் திருந்தவும்' என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு செல்லக்கண்ணு சிரித்தார். எட்டு மாசத்தில் அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

இறுதித் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு தகராறு முளைத்தது. சேர்க்கலாம், திருத்தலாம். ஆனால் யாருடைய பதிவையாவது நீக்கப் போனால், இவருக்குக் கீழே வீடும் ஆட்களும் இருக்கிறார்கள், நீக்க முடியாது என்று கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. திரையில் சிவப்பாக எரர் விழுந்தது. இயக்குநர் கொதித்துப் போனார்.

"ரவிச்சந்திரன், உங்க புரோகிராம் சரியா தப்பா, அது எனக்குத் தெரியாது. தேர்வுக் குழு முன்னால எரர் வரக் கூடாது. வந்தா உங்க கான்ட்ராக்ட் அன்னிக்கே முடிஞ்சுது."

பையன் என்ன செய்வான்? ஐ.டி.இ.யில் ஒரு கட்டத்தில் டிக் அடித்தான். எரர் போய்விட்டது.

"என்னா சார் செஞ்சீங்க?" என்றார் செல்லக்கண்ணு.

"ஒருத்தர நீக்குனா அவரோட சேந்தது எல்லாத்தையும் கேக்காமயே நீக்கிரும்ங்க. ஊடு, ஆளுங்க, அல்லாமே."

செல்லக்கண்ணு தலையாட்டினார். "வெளங்குது சார். சிலோன்ல எங்கப்பா காலத்துல இதே கததான். கங்காணிய வெரட்டுனா, அவரு கூட்டியாந்த ஆளுங்க அத்தன பேரும் சட்டிபானையத் தூக்கிட்டு அவரு பின்னாலயே நடக்கணும்."

சித்திரையில் தேர்வு. அன்றைக்கென்று பனிமூட்டம் மாடி ஜன்னல்வரை ஏறியிருந்தது. கோயம்புத்தூரிலிருந்து மூன்று பேர் கொண்ட மதிப்பீட்டுக் குழு வந்தது. அட்டைப்பெட்டியிலிருந்த நான்கு கம்ப்யூட்டர்களையும் பெட்டியோடவே மாலை போட்டுத் திறந்துவைத்தார்கள். செயலியை ஓட்டிக் காட்ட செல்லக்கண்ணுவை உட்கார வைத்தார்கள். மற்றவர்கள் பின்னால் நின்றார்கள். தோற்றால் முப்பத்திரண்டு வீட்டுக்கும் பூட்டு.

"சேர்த்துக் காட்டுங்க" என்றார் குழுத் தலைவர்.

எஸ்டேட்டை மூடியாயிற்று, புதிதாக யாரைச் சேர்ப்பது? இயக்குநர் பெருந்தன்மையோடு தன் பெயரையே கொடுத்தார். 'தினகரன், கொழுந்து பறிப்பவர்' என்று ஏறியது. வீடு இல்லாததால், வீட்டுக்குக் காத்திருப்போர் வரிசையில் முதலாவதாகப் போய் நின்றார். கைதட்டினார்கள்.

"திருத்திக் காட்டுங்க." இயக்குநரின் நிலையை 'பணியில்' என்று மாற்றினார். கைதட்டினார்கள்.

"நீக்கிக் காட்டுங்க."

இயக்குநரை நீக்க முடியுமா? அபச்சாரம். "தேவையில்லாத பதிவு ஏதாவது இருக்கும், பாருங்க" என்றார் குழுத் தலைவர். நூற்றெண்பது நாளுக்கு மேல் லீவில் இருப்போர் பட்டியலைக் கேட்டால் கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுக்கும். கொடுத்தது. ஒரே ஒரு வரி. சுப்பம்மா.

செல்லக்கண்ணுவின் கை மவுஸை விட்டு விலகியது. "இது வேண்டாங்க தொரை."

"ஏன்?"

"எங்க வூட்டுக்காரி தொரை. தெனமும் பேரு கூப்புடுறாங்க. அது போதுங்க எனக்கு. வேற யாரையாச்சும்..."

இயக்குநர் குழுவைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரித்துவிட்டு, எழுந்து நின்று பேசவே ஆரம்பித்துவிட்டார். "செல்லக்கண்ணு, உங்கள் துயரத்தை வாரியம் மதிக்கிறது. ஆனால் செயலியில் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது, வீட்டுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. துயரத்துக்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாத ஒன்றை நாங்கள் எங்கே வைத்துக்கொள்வது? சொல்லுங்கள்."

ரவிச்சந்திரன் அவர் காதருகே போனான். "சார், அந்தம்மாவ எடுத்தா ஊடும் போயிருமுங்க, இவரும் போயிருவாருங்க. தானா எல்லாத்தையும் எடுத்துரும் சார்."

"எரர் வருமா?"

"வராது சார்."

"அப்புறம் என்ன?"

செல்லக்கண்ணு திரும்பிப் பார்த்தார். முப்பத்தோரு முகம். பாலாமணி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அழுத்துங்கள் என்று அவள் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவளால் எதைச் சொல்ல முடியும்?

"பெரியவரே, அழுத்தாதீங்க. நீங்களும் போயிருவீங்க" என்றான் ரவிச்சந்திரன்.

"தெரியும் சார். எங்க வூட்டுக் கங்காணி அவதான்" என்றார் செல்லக்கண்ணு. "கங்காணி போனா ஆளும் போவ வேண்டியதுதானுங்களே."

அழுத்தினார். 'நிச்சயமாக நீக்கவா?' என்று கேட்டது. ஆம், இல்லை என்று இரண்டு பட்டன். இதே பட்டனைச் சுப்பம்மாவின் நோட்டில் மூலை வளைத்து வரைந்திருக்கிறார். ஆம் என்பதை அழுத்தினார். சுப்பம்மா போனாள். அவளுக்குக் கீழே செல்லக்கண்ணு போனார். கடைசி வீடு ஒரு நொடி காலி என்று காட்டியது. காலியான வீட்டை வரிசையில் முதலில் காத்திருப்பவருக்குக் கொடுக்கிற வசதியையும் செயலியில் வைத்திருந்தார்கள் அல்லவா? அந்த வீட்டுக்கு நேரே, தினகரன், கொழுந்து பறிப்பவர் என்று வந்து நின்றது.

"பிரமாதம்!" என்றார் குழுத் தலைவர். "ஒரு எரர் இல்லை!"

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பயிற்சி வெற்றி. வந்தவர்களுக்குக் காபி கொடுத்தார்கள்.

சாயங்காலம் ரவிச்சந்திரன் இயக்குநரிடம் போய் மன்றாடினான். திரும்பச் சேர்க்க முடியாதாம், மூடின எஸ்டேட்டில் புது நம்பர் கிடையாதாம். இயக்குநரைச் சேர்த்தது செயல்விளக்கம், அது வேறு விஷயமாம். அந்த வீட்டையாவது விட்டுக்கொடுங்கள் சார் என்றான்.

"நான் அந்த லைன் வீட்டுல குடியிருக்கப் போறேனா தம்பி? எனக்கெதுக்கு அது?" என்றார் இயக்குநர், உண்மையான வருத்தத்தோடு. "ஆனா ஒதுக்கீடு என் பேர்ல வந்தாச்சு. இயக்குநருக்கு ஒதுக்கின வீட்டுல வேற ஒருத்தரை இருக்கவிட்டா அது முறைகேடு. நானே முறைகேடு பண்ணலாமா? காலையில பூட்டச் சொல்லிட்டேன்."

காலையில் பூட்டினார்கள். செல்லக்கண்ணுவின் சாமான் ஒரு டிரங்குப் பெட்டியில் அடங்கிவிட்டது. மண்டபம் முகாமில் இறங்கியபோது கொண்டுவந்த அதே பெட்டி. மேலாக இரண்டு ரெக்கார்டு நோட்டையும் அந்த அடையாள அட்டையையும் வைத்து மூடினார். லயத்தில் ஒரு ஆள் இல்லை, எல்லாரும் சான்றிதழ் வாங்க ஃபேக்டரிக்குப் போய்விட்டார்கள். சொல்லிக்கொள்ளாமல் போய்விடலாம் என்று பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்கு நடந்தார். மேட்டுப்பாளையத்துக்குப் போய் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. பஸ் அங்கே போகிறது, அவ்வளவுதான்.

பஸ் நிற்கிற இடத்துக்கு ஃபேக்டரி முற்றத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். மேலே வாட்டும் மாடியின் ஜன்னல் திறந்திருந்தது. ரவிச்சந்திரன் பெயர் படிப்பது பனிக்குள் கேட்டது. புதிதாக அடித்த தாள். பாலாமணி என்றான். உள்ளேன் சார் என்றாள். அடுத்தது சுப்பம்மா வர வேண்டிய இடம். தாளில் அந்த இடம் இல்லை. ரவிச்சந்திரன் அடுத்த பெயருக்குப் போக வாயெடுத்திருப்பான், அதற்குள் பாலாமணி கத்தினாள்.

"சுப்பம்மா!"

முப்பது குரல் ஒரே வீச்சில் எழுந்தது. "லீவு!"

கீழே முற்றத்தில் பெட்டியோடு நின்ற செல்லக்கண்ணுவும், பழக்க தோஷத்தில், அவர்களோடு சேர்ந்து லீவு என்றார். சொல்லிவிட்டுக் கிளம்பப் போனார்.

"செல்லக்கண்ணு!" என்று மேலே மறுபடியும் பாலாமணியின் குரல் கேட்டது.

உள்ளேன் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். அதற்குள் மாடியில் எல்லாரும் சொல்லிவிட்டார்கள்.

"லீவு!"

செல்லக்கண்ணு திறந்த வாயை மூடிக்கொண்டார். பெட்டியைத் தோள் மாற்றி வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.